ஒரு மணி நேரத்துக்கு 1,500 டாலர்!

ஆப்பிரிக்கா கண்டத்தின் நடுவே ருவாண்டா என்று ஒரு சின்ன நாடு இருக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும்.

அந்த நாட்டின் வடமேற்கு மூலையில் எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. மலை மேல் அடர்ந்த காடு. அந்தக் காட்டுக்குள் போய் ஒரு மிருகத்தைப் பார்க்க, வெளிநாட்டுக்காரர் ஒருவர் கட்ட வேண்டிய கட்டணம் 1,500 அமெரிக்க டாலர். நம் பணத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல்!

எவ்வளவு நேரம் பார்க்கலாம்?

ஒரே ஒரு மணி நேரம்!

விமானக் கட்டணம் தனி. ஓட்டல் செலவு தனி. சேற்றில் வழுக்கிக்கொண்டு மலை ஏற வேண்டும். காஞ்சொறிச் செடிகள் உரசி உடம்பெல்லாம் அரிக்கும். இவ்வளவுக்கும் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

அப்படி என்ன மிருகம் அது?

மலைக் கொரில்லா!

2017-ம் ஆண்டு வரை கட்டணம் 750 டாலராக இருந்தது. அந்த ஆண்டு மே மாதம், ருவாண்டா அரசாங்கம் அதை ஒரே அடியாக இரண்டு மடங்கு ஆக்கியது. "இது கொள்ளை" என்று பலர் கூச்சல் போட்டார்கள். பக்கத்து நாடான உகாண்டாவும் பிறகு கட்டணத்தை ஏற்றியது. அங்கே 2024 ஜூலை முதல் 800 டாலர்.

இது கொள்ளைதானா? அந்தப் பணம் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

சாதுவான பூதம்

கொரில்லா என்றதும் சினிமாவில் கட்டிடத்தின் மேல் ஏறி விமானத்தைப் பிடித்து நொறுக்கும் பூதம்தான் பலருக்கு ஞாபகம் வரும். உண்மையான கொரில்லா அப்படி இல்லை. அது சுத்த சைவம் என்றே சொல்லலாம்! மூங்கில் குருத்து, இலை, தண்டு, கொடி, இவைதான் அதன் சாப்பாடு. இடையிடையே கொஞ்சம் எறும்பு தின்னும். அவ்வளவுதான்.

வளர்ந்த ஆண் கொரில்லாவின் எடை சுமார் 160 கிலோ இருக்கும். வயது பன்னிரண்டை நெருங்கும்போது முதுகு முடி வெள்ளியைப் போல நரைக்க ஆரம்பிக்கும். அதனால் அதற்கு "வெள்ளி முதுகன்" என்று பெயர். அவன்தான் குடும்பத் தலைவன். எங்கே மேய்வது, எப்போது படுப்பது என்று முடிவு செய்பவன் அவன். குட்டிகள் அவன் முதுகில் ஏறி விளையாடும். பொறுத்துக்கொள்வான். ஆபத்து வந்தால் மார்பில் அறைந்துகொண்டு முன்னால் பாய்வான்.

தாய் கொரில்லா சுமார் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் குட்டி போடும். ஒரு கொரில்லா செத்தால் அந்த இடம் நிரம்பப் பல ஆண்டுகள் ஆகும்.

மிருகக்காட்சி சாலைகளில் நாம் பார்க்கும் கொரில்லா வேறு. அது சமவெளியில் வாழும் இனம். மலைக் கொரில்லா எந்த மிருகக்காட்சி சாலையிலும் கிடையாது. ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஆகிய மூன்று நாடுகள் சந்திக்கும் விருங்கா மலைக் காட்டிலும், அதற்குச் சற்றுத் தள்ளி இருக்கும் பிவிண்டி காட்டிலும்தான் அதைக் காண முடியும். உலகத்தில் வேறு எங்கும் இல்லை.

சுட்டவரே காவலர் ஆனார்

இந்தக் கொரில்லாவை வெள்ளைக்காரர்களின் விஞ்ஞானம் தெரிந்துகொண்டது 1902-ம் ஆண்டில். எப்படித் தெரிந்துகொண்டது? ஒரு ஜெர்மன் ராணுவ அதிகாரி மலை ஏறும்போது இரண்டு கொரில்லாக்களைச் சுட்டார். அப்படித்தான்!

1921-ல் கார்ல் ஏக்லி என்ற அமெரிக்கர் வந்தார். நியூயார்க் பொருட்காட்சி சாலைக்காக மிருகங்களைச் சுட்டுப் பாடம் செய்வது அவர் தொழில். அவரும் கொரில்லாக்களைக் கொன்றார். ஆனால் செத்துக் கிடந்த மிருகத்தின் முகத்தைப் பார்த்தபோது அவர் மனம் மாறிவிட்டது. மனித முகத்தைப் போலவே இருந்தது அது. "இவற்றைக் காப்பாற்ற வேண்டும்" என்று பெல்ஜியம் மன்னர் ஆல்பர்ட்டிடம் போய் மன்றாடினார். காங்கோ அப்போது பெல்ஜியத்தின் கையில் இருந்தது. 1925-ல் மன்னர் அந்தக் காட்டைத் தேசியப் பூங்கா ஆக்கினார். மறு ஆண்டே ஏக்லி அதே மலையில் காய்ச்சலில் இறந்தார்.

பூங்கா என்று பெயர் வைத்துவிட்டால் மிருகம் பிழைத்துவிடுமா? பிழைக்கவில்லை. 1960-ம் ஆண்டு வாக்கில் விருங்கா மலையில் சுமார் 450 கொரில்லாக்கள் இருந்தன. 1981-ல் எண்ணிப் பார்த்தபோது சுமார் 250! இருபதே ஆண்டில் ஏறக்குறைய பாதி போய்விட்டது.

ஒரு காரணம் வேட்டை. இன்னொரு காரணம் கோடாலி. 1960-களின் கடைசியில், ருவாண்டா பூங்காவின் பெரும் பகுதியை வெட்டி வெளியாக்கினார்கள். எதற்கு? பைரித்ரம் என்ற பூச்செடி பயிரிட! அந்தப் பூவிலிருந்து பூச்சி மருந்து எடுக்கலாம். ஐரோப்பாவுக்கு விற்கலாம். பூச்சியைக் கொல்ல ஒரு மருந்து. அதற்காக கொரில்லாவின் வீடு போயிற்று.

விரல் ஊனமான டிஜிட்

1967-ல் டயன் ஃபாஸி என்ற அமெரிக்கப் பெண்மணி இந்த மலையில் கூடாரம் போட்டார். வயது 35. கொரில்லாக்களின் நடுவே உட்கார்ந்து, அவை தின்பதைப் போலத் தின்று காட்டி, அவை செருமுவதைப் போலச் செருமி, கொஞ்சம் கொஞ்சமாக அவற்றின் நம்பிக்கையைப் பெற்றார். அவருக்கு மிகவும் பிடித்த ஆண் கொரில்லாவுக்கு ஒரு விரல் ஊனம். அதனால் "டிஜிட்" என்று பெயர் வைத்தார். டிஜிட் என்றால் விரல்.

1977 டிசம்பர் 31-ந் தேதி வேட்டைக்காரர்கள் நாய்களுடன் வந்தார்கள். குடும்பம் தப்பி ஓடியது. டிஜிட் எதிர்த்து நின்றது. ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். தலையையும் கைகளையும் வெட்டிக்கொண்டு போனார்கள். கொரில்லாவின் தலையைச் சுவரில் மாட்டவும், கையைச் சாம்பல் கிண்ணமாக வைக்கவும் காசு கொடுக்கும் சீமான்கள் அன்று இருந்தார்கள். ஈட்டி பிடித்தவனை உலகம் திட்டியது. சாம்பல் கிண்ணத்தில் சுருட்டை அணைத்தவரை யாரும் பெயர் சொல்லித் திட்டியதாகத் தெரியவில்லை.

வேட்டைக்காரர்களுடன் ஃபாஸி நேருக்கு நேர் மோதினார். கண்ணிகளை அறுத்தார். ஆட்களைப் பிடித்து மிரட்டினார். உல்லாசப் பயணிகளையும் அவருக்கு அறவே பிடிக்காது. 1985 டிசம்பரில் அவரையே யாரோ அவருடைய குடிசையில் வெட்டிக் கொன்றுவிட்டார்கள். டிஜிட்டின் சமாதிக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

மாட்டுப் பண்ணையா, கொரில்லாவா?

அவருடைய தைரியத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கொரில்லாவை அழிவிலிருந்து திருப்பிக் கொண்டு வந்தது அவர் வெறுத்த உல்லாசப் பயணம்தான். இது வேடிக்கையான உண்மை.

1970-களின் கடைசியில், மீதி இருந்த பூங்காவிலும் ஒரு பகுதியை வெட்டி மாட்டுப் பண்ணை வைக்க அரசாங்கம் யோசித்தது. ஏழை நாடு. ஜனத்தொகையோ நெருக்கடி. "குரங்குக்குக் காடு எதற்கு, மக்களுக்குப் பால் வேண்டாமா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

பில் வெபர், ஏமி வெடர் என்ற இளம் அமெரிக்கத் தம்பதிகள் ஒரு பதில் சொன்னார்கள். "மாட்டைவிட கொரில்லா அதிகமாகச் சம்பாதித்துத் தரும். ஆனால் கூட்டம் சேர்க்கக் கூடாது" என்றார்கள். 1979-ல் வேலை ஆரம்பமாயிற்று. சில கொரில்லாக் குடும்பங்களை மனிதரைக் கண்டு மிரளாதபடி பழக்கினார்கள். ஒரு நாளைக்கு ஒரு குடும்பத்தை ஆறு பேர் மட்டும் பார்க்கலாம், அதுவும் ஒரு மணி நேரம் என்று விதி போட்டார்கள். பணம் வந்தது. மாட்டுப் பண்ணைத் திட்டம் மூட்டை கட்டப்பட்டது.

ஆறு பேர் பிறகு எட்டு பேர் ஆனார்கள். அதற்கு மேல் போகவில்லை. ருவாண்டா முழுவதிலும் ஒரு நாளைக்கு கொரில்லாவைப் பார்க்கக்கூடியவர்கள் சுமார் நூறு பேர்தான். கட்டணம் ஏன் அவ்வளவு அதிகம் என்பது இப்போது விளங்கும். ஆயிரம் பேரை உள்ளே விட்டு ஆளுக்கு 150 டாலர் வாங்கினாலும் அதே பணம் வரும். கொரில்லா இருக்காது.

1994-ல் ருவாண்டாவில் நடந்த படுகொலையில் பல லட்சம் மக்கள் மாண்டார்கள். ஃபாஸியின் ஆராய்ச்சி நிலையம் பாழாயிற்று. ஆனால் அந்த ரத்த வெள்ளத்திலும் கொரில்லாக்கள் பெரும்பாலும் தப்பின. சண்டை ஓய்ந்ததும் அரசாங்கம் மறுபடியும் பயணிகளை வரவேற்கத் தொடங்கியது.

விருங்கா மலையில் 2010-ல் 480 கொரில்லாக்கள். 2016-ல் 604. பிவிண்டி காட்டில் 2018-ல் எண்ணியபோது 459. இரண்டும் சேர்ந்து 1,063! அந்த ஆண்டு நவம்பரில், உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் மலைக் கொரில்லாவை "அழிவின் விளிம்பில்" என்ற பட்டியலிலிருந்து ஒரு படி மேலே ஏற்றியது. ஆபத்து நீங்கவில்லை. ஆனால் மனிதக் குரங்கு இனங்களில் எண்ணிக்கை கூடிவருவதாகத் தெரிவது இது ஒன்றுதான்.

தும்மினால் ஆபத்து

இந்தக் காட்டுக்குள் துப்பாக்கியை விடப் பொல்லாதது ஒன்று உண்டு. ஜலதோஷம்!

மனிதனும் கொரில்லாவும் நெருங்கிய உறவு. நமக்கு வரும் நோய் அதற்கும் வரும். நம் உடம்புக்கு அந்த நோயைத் தாங்கிப் பழக்கம். அதன் உடம்புக்கு இல்லை. நமக்கு இரண்டு நாள் மூக்கு ஒழுகினால், அதற்கு நெஞ்சில் சளி கட்டி உயிரே போய்விடலாம். 2009-ல் ருவாண்டாவில் ஒரு குடும்பத்தில் அப்படி நோய் பரவி இரண்டு கொரில்லாக்கள் இறந்தன. மனிதரிடம் காணும் கிருமிதான் அவற்றின் உடம்பில் இருந்தது.

அதனால்தான் இத்தனை விதிகள். காய்ச்சல், இருமல் உள்ளவர்கள் மலை ஏறக் கூடாது. 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. கொரோனாவுக்குப் பிறகு முகக்கவசம் கட்டாயம். முன்பு 7 மீட்டர் தள்ளி நின்றால் போதும். இப்போது 10 மீட்டர்.

விதி இருக்கிறது. நடக்கிறார்களா? பயணிகள் தாங்களே எடுத்து உலகத்துக்குக் காட்டிக்கொண்ட 800-க்கும் மேற்பட்ட படங்களை ஆராய்ச்சியாளர்கள் சேகரித்துப் பார்த்தார்கள். பெரும்பாலான படங்களில் மனிதருக்கும் கொரில்லாவுக்கும் நடுவே நான்கு மீட்டர்கூட இல்லை! காசு கொடுத்த மமதை காலை முன்னால் தள்ளுகிறது. ஊர் திரும்பியதும் காட்ட ஒரு படம் வேண்டும். அந்தப் படத்துக்கு கொரில்லா தன் உயிரைக் கட்டணமாகக் கட்ட வேண்டியிருக்கலாம்.

உகாண்டாவில் நடந்ததையும் கேளுங்கள். 1996-ல் பிவிண்டி காட்டில் சில கொரில்லாக்களுக்கு முடி கொட்டியது. தோல் வெளுத்துச் செதில் செதிலாக உதிர்ந்தது. ஒரு குட்டி இறந்தது. கிளாடிஸ் கலெமா-சிகுசோகா என்ற இளம் மிருக வைத்தியர் போய்ப் பார்த்தார். சொறி சிரங்கு! பக்கத்துக் கிராமத்து மக்களுக்கும் அதே நோய். கொல்லையில் நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மைக்கு மாட்டிய அழுக்குத் துணியைத் தொட்டு கொரில்லாவுக்கு ஒட்டியிருக்கலாம் என்று ஊகித்தார்கள்.

ஊசி போட்டு மற்ற கொரில்லாக்களைக் காப்பாற்றினார் அவர். ஆனால் அதோடு நிற்கவில்லை. "கிராமத்து ஜனங்களுக்குச் சோப்பும் தண்ணீரும் ஆஸ்பத்திரியும் இல்லாமல் கொரில்லாவுக்கு மட்டும் எப்படி ஆரோக்கியம் வரும்?" என்பதுதான் அவர் கேள்வி. 2003-ல் ஒரு தொண்டு நிறுவனம் ஆரம்பித்தார். கிராமங்களிலிருந்தே தொண்டர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார். அவர்கள் வீடு வீடாகப் போய்க் கை கழுவுவது, கக்கூஸ் கட்டுவது, குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். காட்டோரத்துக் காப்பி விவசாயிகளுக்கு நல்ல விலை கிடைக்கவும் அவர் வழி செய்தார். மிருக வைத்தியர் பார்க்கிற வேலையா இது என்று கேட்கலாம். இதுதான் வேலை.

உருளைக்கிழங்குத் தோட்டத்திலிருந்து பார்த்தால்

பூங்காவின் எல்லையில் நின்றால் ஒரு விசித்திரம் தெரியும். ஒரு அடி இந்தப் பக்கம் உருளைக்கிழங்குத் தோட்டம். ஒரு அடி அந்தப் பக்கம் காடு. நடுவே இடைவெளியே கிடையாது. அவ்வளவு நெருக்கமாக மக்கள் குடியிருக்கிறார்கள்.

அங்கே வாழும் விவசாயிக்கு கொரில்லா என்றால் என்ன? காட்டெருமை இரவில் இறங்கி வந்து கிழங்கை மிதித்துப் போடுகிறது. கொரில்லா சில சமயம் தோட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. விறகுக்குக் காட்டுக்குள் போனால் காவல்காரர் பிடிக்கிறார். ஆனால் 1,500 டாலர் கொடுத்த சீமான் பெரிய மோட்டாரில் வந்து, பார்த்து, போய்விடுகிறார். அவனுக்கு இதில் என்ன லாபம்?

2005-ல் ருவாண்டா அரசாங்கம் இதற்கு ஒரு வழி செய்தது. பூங்காக்களின் வருமானத்தில் 5 சதவீதம் சுற்றுப்புற மக்களுக்கு என்றது. 2017-ல் கட்டணத்தை ஏற்றியபோது அதை 10 சதவீதம் ஆக்கியது. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் எழுந்தன. காட்டெருமை வராமல் இருக்க எல்லையில் கருங்கல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். நீளம் 70 கிலோ மீட்டருக்கும் அதிகம். உகாண்டாவில் பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதம் கிராமங்களுக்குப் போகிறது. முன்னாள் வேட்டைக்காரர்கள் சிலர் இன்று மூட்டை தூக்கியும், வழி காட்டியும் கூலி வாங்குகிறார்கள். காட்டை அவர்களைப் போல் அறிந்தவர் யார்?

இது நல்ல ஆரம்பம். ஆனால் பத்தில் ஒன்று போதாது. கிழங்கை இழப்பது அவர்கள். விறகை விட்டுக்கொடுப்பது அவர்கள். காட்டைக் காப்பதற்கான விலையை முதலில் கட்டுபவர்களுக்குக் கடைசிப் பங்கு கொடுப்பது நியாயம் இல்லை.

பங்கு கிடைக்காதவன் கண்ணி வைப்பான். கண்ணி மானுக்காகத்தான் வைக்கப்படுகிறது. ஆனால் கொரில்லாக் குட்டியின் கை மாட்டிக்கொள்கிறது. 2012-ல் ருவாண்டாவில் ஒரு குட்டி அப்படி மாட்டி இறந்தது. சில நாட்கள் கழித்து ஒரு அதிசயம் நடந்தது. காவலர்கள் ஒரு கண்ணியை எடுக்கப் போனார்கள். ஒரு வெள்ளி முதுகன் உறுமி அவர்களை நிறுத்தினான். ருவேமா, டுக்கோரே என்ற இரண்டு குட்டிகள் ஓடி வந்தன. வயது நாலு இருக்கும். ஒன்று வளைத்துக் கட்டியிருந்த கிளையை ஏறி மிதித்து ஒடித்தது. மற்றது சுருக்கைக் கழற்றியது. பிறகு அடுத்த கண்ணிக்கும் ஓடின!

பயணிகள் வராத ஆண்டு

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. விமானம் நின்றது. பூங்காக்களை மூடினார்கள். காட்டோரக் கிராமங்களில் வருமானம் அடியோடு நின்றது.

ஜூன் 2-ந் தேதி பிவிண்டி காட்டில் ரபிக்கி என்ற வெள்ளி முதுகன் ஈட்டிக் காயத்தால் செத்துக் கிடந்தான். 17 பேர் கொண்ட குடும்பத்தின் தலைவன். சிறு மிருகங்களை வேட்டையாடப் போனவன் ஒருவன், கொரில்லா பாய்ந்ததால் குத்திவிட்டதாகச் சொன்னான். அவனுக்கு 11 ஆண்டு சிறைத் தண்டனை. பயணிகளின் பணத்தை மட்டும் நம்பிக் காட்டைக் காத்தால், பயணி வராத வருஷத்தில் என்ன ஆகும் என்பதை ரபிக்கியின் சாவு காட்டியது. நல்ல ஆண்டில் வரும் பணத்தில் ஒரு பகுதியைக் கெட்ட ஆண்டுக்கு எடுத்து வைக்க வேண்டும். எந்தக் குடும்பத் தலைவிக்கும் தெரிந்த கணக்குதான் இது!

காங்கோ பக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பல ஆண்டுகளாக ஆயுதக் கும்பல்கள் காட்டுக்குள் நடமாடுகின்றன. விருங்கா பூங்காவில் இதுவரை 200-க்கும் மேற்பட்ட காவலர்கள் உயிர் விட்டிருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் ஒரே நாளில் 12 பேர். அவர்களின் பிள்ளைகளுக்கும் மனைவிமார்களுக்கும் கஞ்சி ஊற்றுவதும் கொரில்லாவைக் காப்பாற்றும் செலவில் சேர்ந்ததுதான்.

காட்டை விட்டுப் போனவர்கள்

இந்தக் கணக்கில் சேராத ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு பட்வா என்று பெயர். குள்ளமான மக்கள். தேன் எடுத்தும், கிழங்கு தோண்டியும், சிறு மிருகங்களை வேட்டையாடியும் தலைமுறை தலைமுறையாக இந்தக் காட்டிலேயே வாழ்ந்தவர்கள். கொரில்லாவை அவர்கள் தின்பது வழக்கம் இல்லை.

1991-ல் உகாண்டா அரசாங்கம் பிவிண்டியையும், பக்கத்து ம்காஹிங்கா காட்டையும் தேசியப் பூங்கா ஆக்கியது. பட்வா மக்களை வெளியேறச் சொன்னது. பெரும்பாலோருக்கு ஒரு காணி நிலம்கூடக் கொடுக்கவில்லை. நஷ்ட ஈடும் இல்லை. உழத் தெரியாதவர்கள் அயலார் நிலத்தில் கூலிகளாக ஒண்டிக்கொண்டார்கள். சிலர் கையேந்தினார்கள்.

அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2021 ஆகஸ்டில் உகாண்டாவின் அரசியல் சட்ட நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நஷ்ட ஈடு கொடுக்காமல் வெளியேற்றியது தவறு, அவர்களுக்கு உரியதைச் செய்ய வேண்டும் என்றது. கொரில்லாவைப் பார்க்கும் ஒவ்வொரு சீட்டிலும் பட்வா மக்களுக்கென்று ஒரு தொகையை எழுதி வைத்தால் என்ன? 800 டாலர் கட்டுகிறவர் இன்னும் பத்து டாலர் கட்டத் தயங்கமாட்டார்.

ம்காஹிங்கா பூங்காவில் இன்று பட்வா ஆண்கள் பயணிகளுக்கு வழி காட்டுகிறார்கள். தீக்குச்சி இல்லாமல் நெருப்பு உண்டாக்கிக் காட்டுகிறார்கள். எந்த மரத்தில் தேன் இருக்கும், எந்த இலை வயிற்று வலிக்கு ஆகும் என்று சொல்கிறார்கள். எரிமலைக் குழம்பு ஓடிய கரமா என்ற இருட்டுக் குகைக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே பெண்கள் இருட்டில் நின்று பாடுகிறார்கள். அது அவர்களுடைய முன்னோர் ஒளிந்து வாழ்ந்த இடம்.

பயணிகள் கை தட்டுகிறார்கள். காசு கொடுக்கிறார்கள். பாடியவர்களுக்கு அந்தக் காட்டில் குடியிருக்க அனுமதி இல்லை.